விசுவாசம் முந்தியா, கீழ்ப்படிதல் முந்தியா?

வாசகர் கேள்வி – பதில்

இரட்சிப்பில் விசுவாசத்துக்கு என்ன இடம், கீழ்ப்படிதலுக்கு என்ன இடம் என்று கேட்டு வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன.

கேள்வி: ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே’ மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார் பவுல் (ரோமர் 3:28). ‘விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்’ என்கிறார் யாக்கோபு (2:24). இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். எப்படி இரண்டும் சரியாக இருக்க முடியும்?

பதில்: இந்த இரண்டு வசனங்களை மட்டும் பிய்த்தெடுத்து அருகருகே வைத்தால் மோதத்தான் செய்யும். மார்ட்டின் லூத்தருக்கே அது நெருடியது. 1522இல் வெளியான தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28இல் கிரேக்க மூலத்தில் இல்லாத ‘மாத்திரம்’ என்ற சொல்லைச் சேர்த்தார். அதே பதிப்பின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை ‘வைக்கோல்’ என்றும் எழுதினார். பிற்காலப் பதிப்புகளில் அந்த வரி இல்லை. நம் தமிழ் மொழிபெயர்ப்பும் சும்மா இருக்கவில்லை: ‘விசுவாசத்தினாலேயே’ என்பதன் கடைசி ஏகாரம் செய்வது ஏறக்குறைய அதே வேலைதான். விசுவாசம், மாத்திரம் என்ற இரண்டு சொற்களும் மூலமொழியில் சேர்ந்து நிற்கும் ஒரே இடம் யாக்கோபு 2:24. அங்கேயும் ‘அல்ல’ என்ற மறுப்போடு!

சிக்கல் மூன்று சொற்களில் இருக்கிறது. மூன்றையும் இருவரும் வேறு வேறு பொருளில் எடுக்கிறார்கள்.

முதலாவது, விசுவாசம். பவுலுக்கு அது தேவன்மேல் முழுப்பாரத்தையும் வைத்துச் சாய்வது. யாக்கோபு கண்டிக்கிற விசுவாசமோ வாய்ப்பேச்சு. ‘ஒருவன் தனக்கு விசுவாசமுண்டென்று *சொல்லியும்*’ என்றுதான் 2:14 தொடங்குகிறது. ‘*அந்த* விசுவாசம் அவனை இரட்சிக்குமா?’ என்றுதான் கேட்கிறது. தேவன் ஒருவர் உண்டு என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று 2:19 சொல்வது இந்த வெறும் ஒப்புதலைத்தான்.

இரண்டாவது, கிரியை. ரோமரிலும் கலாத்தியரிலும் பவுல் மறுப்பது ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகளை’. விருத்தசேதனம், பண்டிகை நாட்கள், உணவு விதிகள் ஆகியவற்றைச் சுற்றியே அந்த வழக்கு நடக்கிறது. அந்த அடையாளங்களை மட்டுமே பவுல் குறித்தாரா, அல்லது தேவனிடம் கணக்குக் காட்டுவதற்காகச் செய்யும் எல்லாச் செயல்களையுமா என்று 1970களின் இறுதியிலிருந்து அறிஞர்கள் சூடாக விவாதிக்கிறார்கள். ரோமர் 4:4இல் ‘கூலி’ என்ற உவமை வருவதால், இரண்டாவது பொருளையும் தள்ளிவிட முடியாது என்பது எங்கள் கருத்து. யாக்கோபு பேசும் கிரியையோ வேறு. உடையும் உணவும் இல்லாத சகோதரனைப் பார்த்து ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பாமல் இருப்பது அது.

மூன்றாவது, நீதிமானாக்கப்படுதல். இங்கேதான் ஆபிரகாமின் வயதைக் கணக்குப் பார்க்க வேண்டும். ‘அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்’ என்பது ஆதியாகமம் 15:6. அப்போது இஸ்மவேல் பிறக்கவில்லை. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது (16:16). விருத்தசேதனம் பெற்றபோது 99 (17:24). ஆக, நீதிமானாக எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவே குறைந்தது 13 ஆண்டுகள். பவுலின் வாதம் முழுவதும் (ரோமர் 4:10) இந்த இடைவெளியில் நிற்கிறது. யாக்கோபு எடுத்துக்கொள்வதோ 22ஆம் அதிகாரத்தை. ஆபிரகாமின் 100ஆம் வயதில் பிறந்த ஈசாக்கு, விறகு சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்தபின் நடந்தது அது. அதைச் சொல்லிவிட்டு யாக்கோபும் அதே ஆதியாகமம் 15:6ஐ மேற்கோள் காட்டி, அந்த வாக்கியம் ‘நிறைவேறிற்று’ என்கிறார். பவுல் விதை விழுந்த நாளைப் பார்க்கிறார், யாக்கோபு காய்த்த நாளைப் பார்க்கிறார். காய்த்த நாளில் விதைக்கவில்லை; காய்க்காவிட்டால் விதை முளைத்ததா என்றே தெரிந்திருக்காது.

கேள்வி: ரோமர் 1:5இல் ‘விசுவாசத்திற்குக் கீழ்ப்படிதல்’ என்று வருகிறது. கட்டளைக்குக் கீழ்ப்படியலாம், விசுவாசத்துக்கு எப்படிக் கீழ்ப்படிவது?

பதில்: நல்ல கேள்வி. இதே தொடர் ரோமர் 16:26இலும் வருகிறது. நிருபத்தின் இரு முனையிலும் ஒரே முடிச்சு. மூலத்தில் இருப்பது ‘விசுவாசத்தின் கீழ்ப்படிதல்’ என்ற ஆறாம் வேற்றுமைத் தொடர். தமிழில் அதை நான்காம் வேற்றுமையாக்கி ‘விசுவாசத்திற்கு’ என்றார்கள். அப்போஸ்தலர் 6:7இல் ஆசாரியர்களில் அநேகர் ‘விசுவாசத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள்’ என்று வரும் இடத்தில் மூலத்திலேயே நான்காம் வேற்றுமைதான். அங்கே விசுவாசம் என்பது அப்போஸ்தலர் போதித்த செய்தி. ரோமர் 1:5இல் வேறு இரண்டு பொருளுக்கும் இடமுண்டு: விசுவாசத்திலிருந்து பிறக்கும் கீழ்ப்படிதல், விசுவாசம் என்னும் கீழ்ப்படிதல். இரண்டையுமே பவுல் மனதில் வைத்திருக்கலாம். ‘சுவிசேஷத்திற்கு எல்லாரும் கீழ்ப்படியவில்லை’ என்று சொன்ன உடனே, அதற்குச் சான்றாக ஏசாயாவின் ‘விசுவாசித்தவன் யார்’ என்ற வரியை எடுத்து வைக்கிறவர் அவர் (ரோமர் 10:16). ஒன்றின் இடத்தில் மற்றொன்று இயல்பாக வந்து உட்காருகிறது.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்றால் அவனுக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. நம் ‘கேள்’ என்ற சொல்லுக்குள் செவியும் செயலும் சேர்ந்தே இருக்கின்றன. எபிரெயத்தின் ‘ஷமா’ அப்படியே. கிரேக்கத்தில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் ‘ஹுபாகோயே’ என்ற சொல், கேட்டலைக் குறிக்கும் ‘அகோயே’ என்ற சொல்லோடு ‘கீழ்’ என்ற முன்னொட்டைச் சேர்த்ததுதான். கலாத்தியர் 3:2இல் ‘விசுவாசக் கேள்வி’ என்றும், ரோமர் 10:17இல் ‘விசுவாசம் கேள்வியினால் வரும்’ என்றும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். இன்றைக்கு அதை வினா என்று படித்துக் குழம்புகிறவர்களும் உண்டு. அது குறளின் ‘கேள்வி’ அதிகாரத்தில் வரும் கேள்வி.

விசுவாசம் என்ற சொல்லும் அப்படித்தான். நாய் விசுவாசமானது என்கிறோம். நாய்க்கு எந்தக் கோட்பாடும் தெரியாது! கிரேக்கத்தின் ‘பிஸ்டிஸ்’ என்ற சொல்லுக்கும் நம்பிக்கை, நம்பகம், பற்றுமாறாமை என்று எல்லாப் பக்கமும் உண்டு.

ஒரு திருத்தம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். யோவான் 3:36இல் ‘குமாரனை விசுவாசியாதவனோ ஜீவனைக் காண்பதில்லை’ என்று படிக்கிறோம். முதல் பாதியில் வரும் வினைச்சொல் விசுவாசித்தல்தான்; இரண்டாம் பாதியில் மூலத்தில் இருப்பது இணங்காமை, கீழ்ப்படியாமையைக் குறிக்கும் வேறு வினைச்சொல். எபிரெயர் 3:18–19இல் இந்த இரட்டை நன்றாகத் தெரியும்: வனாந்தரத்தில் விழுந்தவர்கள் ‘கீழ்ப்படியாதவர்கள்’ என்கிறது ஒரு வசனம், அவர்கள் உட்பிரவேசிக்காததற்குக் காரணம் ‘அவிசுவாசம்’ என்கிறது அடுத்த வசனம்.

கேள்வி: அப்படியானால் விசுவாசமும் ஒரு கிரியைதானே? அதைச் செய்துதானே இரட்சிப்பைப் பெறுகிறோம்?

பதில்: யாத்திராகமம் 12ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 10ஆம் தேதி ஓர் ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுக்க வேண்டும். பழுதற்றது, ஆண், ஒரு வயது. 14ஆம் தேதிவரை வைத்திருந்து அன்று சாயங்காலம் அடிக்க வேண்டும். ஈசோப்புக் கொழுந்துகளின் கொத்தைக் கிண்ணத்திலுள்ள இரத்தத்தில் தோய்த்து, வாசலின் நிலைக்கால் இரண்டிலும் மேற்சட்டத்திலும் தெளிக்க வேண்டும். விடியும்வரை ஒருவரும் வாசலைவிட்டுப் புறப்படக் கூடாது. எத்தனை கட்டளை! ஆனால் அந்த வீட்டைக் காப்பாற்றியது எது? ‘அந்த இரத்தத்தை நான் கண்டு, உங்களைக் கடந்துபோவேன்’ (12:13). தெளித்தவனின் திறமையும் அவன் நடத்தைச் சான்றிதழும் அங்கே பார்க்கப்படவில்லை. அதே நேரம், ‘இரத்தம் காக்கும் என்று மனதார நம்புகிறேன், தெளிக்கத்தான் இல்லை’ என்று ஒருவன் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவன் நம்பவில்லை என்றுதான் அர்த்தம். எபிரெயர் 11:28 இந்தச் செயல் முழுவதையும் ‘விசுவாசத்தினாலே’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

சீர்திருத்தச் சபைகளின் பழைய இறையியலாளர்கள் விசுவாசத்தை மூன்று பாகமாகப் பிரிப்பார்கள்: அறிதல், ஒப்புக்கொள்ளல், சார்ந்துகொள்ளல். முதல் இரண்டும் பிசாசுக்கும் உண்டு. மூன்றாவதுதான் கையை நீட்டுகிறது. நீட்டிய கை ஈவைச் சம்பாதிக்கவில்லை, வாங்குகிறது. எபேசியர் 2:8 கிருபை*யினாலே* என்றும் விசுவாசத்தை*க்கொண்டு* என்றும் உருபை மாற்றிச் சொல்வது அதனால்தான். காரணம் கிருபை, வழி விசுவாசம். அடுத்த இரண்டு வசனங்களையும் விடாமல் படியுங்கள்: கிரியைகளினால் அல்ல (வ. 9), நற்கிரியைகளைச் செய்கிறதற்கு (வ. 10). பலர் 9இல் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் 10இல் தொடங்குகிறார்கள். பாதிச் சண்டை இதிலேயே வந்துவிடுகிறது.

வரிசையை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். இஸ்ரவேலர் சீனாயை அடைந்தது எகிப்திலிருந்து புறப்பட்ட மூன்றாம் மாதத்தில் (யாத். 19:1). பத்துக் கட்டளைகள் 20ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றன. பஸ்கா 12இல், செங்கடல் 14இல். கட்டளைப் பட்டியலின் முதல் வரியே கட்டளை அல்ல: ‘உன்னை... எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே.’ விடுதலை முன், சட்டம் பின். பழைய ஏற்பாடு கிரியை, புதிய ஏற்பாடு கிருபை என்று சுலபமாகப் பிரிப்பவர்கள் இந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கேள்வி: சிலுவையில் இருந்த கள்ளன் ஒரு நற்கிரியையும் செய்யவில்லையே?

பதில்: கையும் காலும் ஆணியில் இருந்தவனுக்கு மிச்சம் இருந்தது நாக்கு ஒன்றுதான். அதைக்கொண்டு அவன் செய்ததை லூக்கா 23:40–42இல் எண்ணிப் பாருங்கள்: மற்றவனைக் கடிந்துகொண்டான், தன் தண்டனை நியாயம் என்று ஒப்புக்கொண்டான், இயேசு தகாததொன்றையும் செய்யவில்லை என்று எல்லோரும் பரியாசம் பண்ணிய இடத்தில் சாட்சி சொன்னான், அவருடைய ராஜ்யத்தை எதிர்பார்த்துக் கேட்டான். பரதீசு இவற்றுக்கான கூலியாகக் கொடுக்கப்படவில்லை. ஆனால் ‘விசுவாசித்தும் எதுவும் மாறாத மனிதன்’ என்பதற்கு உதாரணம் தேடுகிறவர்களுக்கு இவன் உதவமாட்டான்.

கேள்வி: ஞானஸ்நானம் எடுக்காமல் இறந்தால் இரட்சிப்பு உண்டா? மாற்கு 16:16ஐக் காட்டி இல்லை என்கிறார்கள்.

பதில்: அந்த வசனத்தின் இரண்டாம் பாதியையும் பாருங்கள். ‘விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்’ என்று இரண்டையும் சொல்லிவிட்டு, ஆக்கினைக்குள்ளாவதற்கு மட்டும் ‘விசுவாசியாதவனோ’ என்று ஒன்றையே சொல்கிறது. தவிர, மாற்கு 16:9–20 மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப்படிகள் இரண்டில் இல்லை. ஒரு கோட்பாட்டின் முழுப்பாரத்தையும் இதன்மேல் மட்டும் ஏற்றுவது நல்லதல்ல.

சபைகள் இங்கே ஒத்துப்போவதில்லை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் லூத்தரன்களும் திருமுழுக்கு வழியாகத் தேவன் மெய்யாகவே கிருபை தருகிறார் என்பார்கள். பாப்டிஸ்ட் சபையார், ஏற்கெனவே பெற்ற விசுவாசத்தின் பகிரங்க அறிக்கையும் கீழ்ப்படிதலின் முதல் படியும் அது என்பார்கள். அப்போஸ்தலர் 2:38, 1 பேதுரு 3:21 ஆகியவற்றை முதல் தரப்பும், கொர்நேலியுவின் வீட்டில் ஞானஸ்நானத்துக்கு முன்பே ஆவியானவர் இறங்கியதை (அப். 10:44–48) இரண்டாம் தரப்பும் முன்வைக்கும். எடுக்க விரும்பியும் வாய்ப்பில்லாமல் இறந்தவரைக் கத்தோலிக்கத் திருச்சபையும் கைவிடுவதில்லை. அந்த விருப்பத்தையே திருமுழுக்காக ஏற்கும் போதனை அங்கு உண்டு.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது முக்கியம். வாய்ப்பில்லாமல் போனவருக்காகக் கேட்டால் மேலே சொன்னது ஆறுதல். வாய்ப்பு கண்முன் இருக்க, ‘எடுக்காமலே சமாளிக்கலாமா’ என்று கேட்டால் விஷயம் வேறு. யோர்தானில் ஏழு தரம் முழுகச் சொன்னபோது, தமஸ்குவின் நதிகள் நல்லதல்லவா என்று நாகமான் கோபித்துக்கொண்டு திரும்பினான் (2 இராஜாக்கள் 5). தண்ணீரில் மருந்து இல்லை என்று அவன் நினைத்தது சரி. ஆனாலும் முழுகின பிறகுதான் சுத்தமானான்.

கேள்வி: கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள், புரொட்டஸ்டண்டுகள் விசுவாசத்தால் மட்டும் என்கிறார்கள். இவ்வளவுதானே வித்தியாசம்?

பதில்: இல்லை. இப்படிச் சொன்னால் இரு தரப்பும் கையெழுத்துப் போடாது. விசுவாசத்தின் தொடக்கமே கிருபையின் கொடைதான் என்று 529இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் தீர்த்துவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதல் பற்றி 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட ஆணையில் 33 விதிகள் உண்டு. அவற்றில் முதல் விதி யாரைச் சபிக்கிறது தெரியுமா? கிறிஸ்துவின் கிருபை இல்லாமல் தன் சொந்தக் கிரியைகளால் ஒருவன் நீதிமானாகலாம் என்று சொல்பவனை! ஒன்பதாம் விதிதான், வேறெந்த ஒத்துழைப்பும் தேவையில்லை என்ற பொருளில் ‘விசுவாசத்தால் மட்டும்’ என்பவனைச் சபிக்கிறது.

மறுபக்கம், லூத்தரன்களின் 1530இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை நான்காம் பிரிவில் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதலைச் சொல்லிவிட்டு, ஆறாம் பிரிவுக்கு ‘புதிய கீழ்ப்படிதல்’ என்றே தலைப்பு வைத்தது. விசுவாசம் நற்கனிகளைக் கொடுக்கக் கடமைப்பட்டது என்கிறது அது. சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலான 1563இன் ஹைடல்பர்க் வினாவிடையில் 129 கேள்விகள். மூன்று பாகங்கள்: மனிதனின் அவலம், மீட்பு, நன்றி. பத்துக் கட்டளைகளின் விளக்கம் மூன்றாம் பாகமாகிய நன்றியின் கீழ் வருகிறது. கீழ்ப்படிதலை எங்கே வைப்பது என்பதற்கு அந்தப் பொருளடக்கமே ஒரு பதில்.

மெய்யான வேறுபாடு இன்னும் நுட்பமானது. நீதிமானாக்கப்படுதல் என்பது நியாயாதிபதியின் தீர்ப்பா, வைத்தியரின் சிகிச்சையா? சீர்திருத்தச் சபைகள் அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு, ஆளை மாற்றுவதைப் ‘பரிசுத்தமாக்கப்படுதல்’ என்று தனியே பெயரிட்டன. இரண்டும் பிரியாதவை, ஆனால் வேறானவை. கத்தோலிக்கத் திருச்சபை தீர்ப்பையும் மாற்றத்தையும் ஒரே சொல்லுக்குள் வைக்கிறது. ஆகவே அது வளரக்கூடியது, சாவான பாவத்தால் இழக்கக்கூடியது. ஆர்த்தடாக்ஸ் மரபு நீதிமன்ற மொழியையே அதிகம் புழங்குவதில்லை; தேவனுடைய ஜீவனில் பங்குபெற்று வளருதல், அதில் மனித சித்தம் கிருபையோடு சேர்ந்து உழைத்தல் என்று பேசும். கலாத்தியர் 5:6இன் ‘அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்’ எல்லோருக்கும் பிடித்த வசனம். அன்பு விசுவாசத்துக்கு உயிர்வடிவம் தருகிறது என்பார் கத்தோலிக்கர். விசுவாசம்தான் அன்பைக் கருவியாகக் கொள்கிறது என்பார் லூத்தரன்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் ஏற்றுக்கொள்கிறார், நற்கிரியைக்கு நம்மை அழைக்கிற ஆவியானவரையும் பெறுகிறோம் என்பது அதன் சாரம். உலக மெதடிஸ்ட் மன்றம் 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்தது என்று அந்த அறிக்கையே சொல்லிக்கொள்ளவில்லை. லூத்தரன் சபைகளிலும் அதை ஏற்காதவை உண்டு.

கேள்வி: விசுவாசித்து ஞானஸ்நானமும் பெற்றவள் நான். ஆனாலும் அதே பாவத்தில் மறுபடி மறுபடி விழுகிறேன். விழுந்த பின் வலிக்கிறது. எவ்வளவு கீழ்ப்படிந்தால் நான் இரட்சிக்கப்பட்டவள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியும்?

பதில்: சகோதரி, ‘எவ்வளவு’ என்ற அளவுகோலே தவறான இடத்தில் ஊன்றப்பட்டிருக்கிறது. அளவு வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: எட்டினவருக்குப் பெருமை, எட்டாதவருக்கு விரக்தி. இரண்டும் கண்ணைக் கிறிஸ்துவிலிருந்து நம்மேல் திருப்பிவிடும்.

1 யோவான் இந்தப் பயத்துக்கென்றே எழுதப்பட்டதுபோல இருக்கும். அந்த நிருபம் தரும் அடையாளங்கள் மூன்று: இயேசுவே கிறிஸ்து என்று அறிக்கையிடுதல், அவர் கற்பனைகளைக் கைக்கொள்ளுதல், சகோதரனில் அன்புகூருதல். இவை சுழன்று சுழன்று வரும். ‘தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்’ (3:9) என்ற வரியில் பலர் இடறுகிறார்கள். மூலத்தில் அந்த வினை நிகழ்காலத்தில், தொடர்ந்து அதிலேயே வாழ்வதைக் குறிக்கும்படி இருக்கிறது என்று பல உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அதே ஆசிரியர், பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் (1:8) என்றும், ஒருவன் பாவஞ்செய்வானானால் பரிந்து பேசுகிறவர் நமக்கு உண்டு (2:1) என்றும் எழுதியிருக்கிறார். விழாதவன் என்ற அர்த்தத்தில் 3:9ஐ எடுத்தால் இவை இரண்டையும் கிழித்துப் போட வேண்டிவரும்.

செய்யவேண்டியதைச் சொல்கிறோம். ‘ஆண்டவரே, பாவியாகிய என்னை மன்னியும்’ என்று பொதுவாக முடிக்காமல், அந்தப் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். அடுத்தவருக்கு நஷ்டம் நேர்ந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னது. சகேயு நாலத்தனையாகத் தருவேன் என்றான், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்றான். ஆனால் ‘இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்று இயேசு சொன்னது அதற்கு முன்பே (லூக்கா 19:5, 8). நாலத்தனை கொடுத்து அவரை வீட்டுக்கு வரவழைக்கவில்லை. மூன்றாவதாக, அந்தப் பாவத்துக்குப் போகும் வழியைப் பாருங்கள். விழும் இடத்தில் போராடுவதைவிட, அதற்கு மூன்று படி முன்னால் திரும்புவது எளிது. கடைசியாக, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள். ‘உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு’ என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. தனியாக மறைத்து வைத்த பாவம்தான் அதிகம் வளருகிறது.

விழுந்த பின் வலிக்கிறது என்று எழுதுகிறீர்களே, அந்த வலி செத்த விசுவாசத்துக்கு வராது. பயப்பட வேண்டிய நிலை வேறு: விழுந்தும் வலிக்காமல், ‘கிருபை இருக்கிறதே’ என்று கணக்குப் போடுவது. ரோமர் 6:1–2 அந்த ஆளுக்காக எழுதப்பட்டது, உங்களுக்காக அல்ல. ஒருவேளை, அறிக்கையிட்ட பிறகும் அதே பாவத்தை நாள்முழுக்கத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, தூக்கமும் உணவும் கெடும் அளவுக்குப் போனால் அது மனநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். போதகரோடு மனநல மருத்துவரையும் பார்ப்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி: ஒருமுறை பெற்ற இரட்சிப்பை இழக்க முடியுமா? சுருக்கமாகச் சொல்லவும்.

பதில்: முடியாது என்றது 1618–19இல் கூடிய சீர்திருத்தச் சபைகளின் டார்ட் மாநாடு, ஆதாரம் யோவான் 10:28. முடியும் என்றார் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஆதாரம் எபிரெயர் 6:4–6. ஆனால் கீழ்ப்படியாமையிலேயே குடியிருக்கிறவனுக்கு இரு தரப்புமே ஆறுதல் சொல்லாது. ‘நீ இழந்துவிட்டாய்’ என்பார் வெஸ்லி, ‘நீ பெறவே இல்லை’ என்பார்கள் டார்ட் தரப்பார். மனந்திரும்பு என்பதே இரு தரப்பின் மருந்துச் சீட்டும்.

கேள்வி: எங்கள் சபைத் தலைவருக்குக் கீழ்ப்படியாவிட்டால் இரட்சிப்பை இழப்போம் என்று பிரசங்கிக்கப்படுகிறது. எபிரெயர் 13:17ஐக் காட்டுகிறார்கள்.

பதில்: அந்த வசனம் நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது, உண்மை. அதே வசனம் அவர்கள் ‘உத்தரவாதம்பண்ணுகிறவர்களாய்’ கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள் என்றும் சொல்கிறது. இரட்சிப்பு அவர்கள் கையில் இருப்பதாக எங்கும் சொல்லவில்லை. ‘தமக்குக் கீழ்ப்படிகிற யாவரும் நித்திய இரட்சிப்பை அடைவதற்கு’ என்று எபிரெயர் 5:9 பேசுவது கிறிஸ்துவைப் பற்றி. அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்கக் கூடாது. மூப்பர்கள் சுதந்தரத்தை, அதாவது தங்களிடம் ஒப்புவிக்கப்பட்ட சபையாரை, ‘இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக’ இருக்கக் கூடாது என்று 1 பேதுரு 5:3 தடுத்திருக்கிறது.

அவர் கேட்பது வேதத்தில் உள்ளதா, அவருடைய விருப்பமா? கேள்வி கேட்டால் விளக்கம் கிடைக்கிறதா, சாபம் கிடைக்கிறதா? பணம், திருமணம், சொத்து, உடல் சம்பந்தமான ரகசியக் கட்டளைகள் வருகின்றனவா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் வெளியே வாருங்கள். குற்றம் நடந்திருந்தால் சட்டத்தின் உதவியை நாடுங்கள். ‘மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்’ என்று பேதுரு சொன்னது ஒரு மத ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்றுதான் (அப். 5:29).

கேள்வி: மனமில்லாமல் கீழ்ப்படிவது மாய்மாலம் அல்லவா? மனம் வரும்வரை காத்திருப்பது நேர்மை இல்லையா?

பதில்: மத்தேயு 21:28–31இல் இரண்டு குமாரர் வருகிறார்கள். ஒருவன் ‘போகிறேன் ஐயா’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மற்றவன் ‘மாட்டேன்’ என்றான்; பின்பு மனஸ்தாபப்பட்டுப் போனான். தகப்பன் சித்தத்தின்படி செய்தவன் அவன்தான் என்று, கேட்டுக்கொண்டிருந்த எதிராளிகளே தீர்ப்புச் சொன்னார்கள். திராட்சத்தோட்டத்துக்கு நடந்து போன அந்த நேரமெல்லாம் அவன் முகம் எப்படி இருந்தது என்று உவமை சொல்லவில்லை. மாய்மாலம் என்பது இல்லாத மனதை இருப்பதாகக் காட்டுவது. இல்லாத மனதை இல்லை என்று தேவனிடம் சொல்லிவிட்டு, அவர் சொன்னதைச் செய்யப் போவது ஜெபத்தோடு கூடிய கீழ்ப்படிதல். விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் அவரே என்கிறது பிலிப்பியர் 2:13. விருப்பம் முதலில் வந்தால் நல்லது; சில நாள் செய்கை முன்னே போகும், விருப்பம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.